பாய்ந்தது காரா, காலா?

சித்தப்பா ஓய்வு பெற்ற கையோடு ஒரு ஆட்டோமேட்டிக் கார் வாங்கினார். முப்பது வருஷம் கியர் வண்டி ஓட்டியவர். வாங்கிய மூன்றாவது மாதம், அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் வண்டியைத் திருப்பி நிறுத்தும்போது அது சட்டென்று பாய்ந்து தூணில் போய் இடித்தது. பம்பர் உடைந்தது, ஒரு ஹெட்லைட் போனது. நல்லவேளை, ஆளுக்கு ஒன்றும் இல்லை. "பிரேக்கைத்தான் மிதிச்சேன். வண்டி தானா ரேஸ் ஆயிடுச்சு. பெட்ரோல் பம்புல ஏதோ கோளாறு" என்று அன்று மாலை முழுக்க, வந்தவர்கள் போனவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் காட்டினோம். பம்ப் என்றதும் அவர் சிரித்துவிட்டார். "பம்ப் போச்சுன்னா வண்டி நிக்கும் சார், பாயாது."

கார் வைத்திருப்பவர்கள் சொல்லும் புகார்களில் இரண்டு ரகம் ஒன்றோடொன்று கலந்துவிடுவது வழக்கம். ஒன்று, எரிபொருள் சம்பந்தப்பட்டது: பெட்ரோல் வாடை, ஜெர்க், ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் ஆஃப் ஆவது. மற்றொன்று, நாம் கேட்காமலே வண்டி வேகம் எடுப்பது. இரண்டும் எஞ்சின் சமாச்சாரம்தானே என்று ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம். ஆனால் உள்ளே நடப்பது ஏறக்குறைய நேர் எதிரான இரண்டு விஷயங்கள். ஏன் என்று தெரிந்துகொள்ள எஞ்சினுக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும்.

ஊதினால்தான் தீ

பெட்ரோல் காரில் ஆக்சிலேட்டரை மிதித்தால் பெட்ரோல் கூடுதலாகப் போகிறது என்றுதான் நம்மில் பலரும் நினைக்கிறோம். உண்மையில் நம் கால் திறப்பது காற்றுக்கான கதவை. எஞ்சினுக்குக் காற்று போகும் குழாயில் த்ராட்டில் பாடி என்று ஒரு பாகம் இருக்கிறது. அதற்குள் மெதுவடை அளவுக்கு ஒரு வட்டத் தகடு. கால் எடுத்திருந்தால் தகடு குழாயை ஏறக்குறைய மூடி நிற்கும். மிதிக்க மிதிக்கத் திரும்பி வழி விடும். உள்ளே எவ்வளவு காற்று போகிறது என்று சென்சார்கள் அளந்து சொல்ல, அதற்கு ஏற்ற பெட்ரோலை இசியு எனப்படும் கம்ப்யூட்டர் அளந்து கொடுக்கிறது. 1 கிராம் பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். கம்ப்யூட்டர் பெரும்பாலான நேரம் இந்தக் கணக்கைக் காப்பாற்றத்தான் பாடுபடுகிறது.

விறகடுப்பு பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அடுப்பில் விறகை எவ்வளவு திணித்தாலும் புகைதான் வரும். ஊதுகுழலை எடுத்து ஊதினால்தான் தீ எழும்பும். காற்றுக் கதவு மூடியிருக்கும்போது, பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் பழுதாகி அதிகமாகக் கொட்டினால் எஞ்சின் சீறாது, இருமும். கரும்புகை வரும், ஸ்பார்க் பிளக் நனையும், மைலேஜ் விழும், கடைசியில் நின்றுபோகும்.

பெட்ரோல் குறைந்தாலும் முடிவு அதேதான். பம்ப் இருப்பது பெட்ரோல் டேங்குக்குள். சாவியைத் திருப்பியதும் பின் சீட்டுப் பக்கம் இரண்டு விநாடி "ங்ங்" என்று ஒரு முனகல் கேட்கும் அல்லவா, அதுதான். பல கார்களில் அது 3 முதல் 4 பார் அழுத்தத்தில் பெட்ரோலை முன்னால் அனுப்புகிறது, டயரில் அடிக்கும் காற்றழுத்தத்தைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. இந்த அழுத்தம் விழுந்தால் மேடு ஏறும்போது புல்லிங் இருக்காது, மிஸ்ஸிங் அடிக்கும், நெடுஞ்சாலையில் ஓடும்போதே எஞ்சின் அணையும்.

2020இல் இது உலகம் முழுக்க நடந்தது. ஜப்பானில் ஒரே உதிரிபாக நிறுவனம் செய்த பம்புகளில், பெட்ரோலைத் தள்ளும் சிறு பிளாஸ்டிக் சக்கரத்தின் அடர்த்தி போதாமல் அது பெட்ரோலை உறிஞ்சி உப்பியது. உப்பிய சக்கரம் கூட்டில் உரசி நின்றது. டொயோட்டா, ஹோண்டா என்று லட்சக்கணக்கான கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. அதே ஆண்டு ஜூலையில் இந்தியாவில் மாருதி சுசுகியும் எரிபொருள் பம்ப் கோளாறுக்காக வேகன்ஆர், பலேனோ இரண்டிலுமாகச் சேர்த்து 1,34,885 கார்களைத் திரும்ப அழைத்தது. இந்த அழைப்புகளில் சொல்லப்பட்ட ஆபத்து எஞ்சின் ஓடும்போதே நின்றுபோவதுதான், பாய்வது அல்ல. ஆபத்தில் அதுவும் குறைந்ததில்லை. பின்னால் லாரி வரும்போது நடுச்சாலையில் வண்டி நின்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒரு சின்ன விதிவிலக்கு உண்டு. பம்ப் விட்டு விட்டு வேலை செய்கிறது என்று வையுங்கள். புல்லிங் இல்லாததால் நாம் பெடலை இன்னும் கொஞ்சம் அழுத்துவோம். காற்றுக் கதவு நன்றாகத் திறந்திருக்கும் அந்த நேரம் பெட்ரோல் திரும்ப வந்தால் வண்டி ஒரு குதி குதிக்கும். ஓட்டுபவருக்கு அது "தானா பாஞ்சுது" என்றுதான் தோன்றும். காலை எடுத்தால் அடங்கிவிடும் என்பதுதான் வித்தியாசம்.

டீசலில் கதையே வேறு. அடிப்படையில் டீசல் எஞ்சினின் வேகத்தைப் பிடித்து வைத்திருப்பது காற்றுக் கதவு அல்ல, உள்ளே போகும் எரிபொருளின் அளவு. காற்று எப்போதும் தாராளம். ஆகவே எரிபொருள் எந்த வழியில் உள்ளே வந்தாலும் எஞ்சின் வேகம் எடுக்கும். எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவின் சீல் போய் எஞ்சின் ஆயிலே காற்றோடு கலந்து உள்ளே போனால், அந்த ஆயிலையே டீசலாக எண்ணி எரிக்க ஆரம்பித்துவிடும். சாவியை அணைத்தாலும் நிற்காது, ஏனென்றால் சாவி நிறுத்துவது டீசலைத்தான். வெள்ளைப் புகை தெருவையே மூட, எஞ்சின் அலறிக்கொண்டே தன் ஆயிலைத் தானே குடித்துச் செத்துப்போகும். கியர் வண்டியாக இருந்தால் டாப் கியரில் போட்டு, பிரேக்கை நன்றாக மிதித்துக்கொண்டு கிளட்சை விட்டு எஞ்சினை அமுக்கிப் பார்க்கலாம். இல்லையென்றால் தள்ளி நிற்பதுதான் புத்திசாலித்தனம். அந்த நேரத்தில் பானெட்டைத் திறந்து தலையை நீட்ட வேண்டாம்.

அப்படியானால் பெட்ரோல் கார் எப்படிப் பாயும்?

காற்றுக் கதவு திறந்தால் பாயும். பழைய கார்களில் பெடலுக்கும் கதவுக்கும் நடுவே ஒரு கேபிள் இருந்தது. கேபிள் துருப்பிடித்து இறுகும், ஸ்பிரிங் அறுந்துபோகும், தகட்டின் ஓரத்தில் கரி பிடித்து ஒட்டிக்கொள்ளும். இப்போது பெரும்பாலான கார்களில் கேபிள் கிடையாது. பெடலில் சென்சார், கதவில் ஒரு குட்டி மோட்டார், இடையில் ஒயர்.

ஒயரை நம்பலாமா என்ற பயம் நியாயமானது. அதனால்தான் பெடலில் ஒன்றுக்கு இரண்டு சென்சார் வைக்கிறார்கள். இரண்டும் ஒரே மிதியை வெவ்வேறு வோல்ட்டேஜில் சொல்லும், பல கார்களில் ஒன்று சொல்வதில் பாதியை மற்றது சொல்லும். இரண்டு சாட்சிகளின் வாக்குமூலமும் ஒத்துப்போகவில்லை என்றால் கம்ப்யூட்டர் எவரையும் நம்பாமல், செக் எஞ்சின் விளக்கைப் போட்டுவிட்டு வண்டியை நத்தை வேகத்துக்கு இறக்கிவிடும்.

இத்தனை காவல் இருந்தும் நடந்தது என்ன? அமெரிக்காவில் டொயோட்டா கார்களுக்கு ஏற்பட்ட கதையைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம், ஏனென்றால் இந்த விஷயத்தின் எல்லாக் கிளைகளும் அதில் இருக்கின்றன.

2009 ஆகஸ்ட் 28 அன்று கலிபோர்னியாவில் சான் டியேகோ அருகே டொயோட்டாவின் சொகுசு ரகமான லெக்சஸ் கார் ஒன்று கட்டுக்கடங்காமல் ஓடி விபத்துக்குள்ளாகி, உள்ளே இருந்த நான்கு பேரும் இறந்தார்கள். ஓட்டியவர் நெடுஞ்சாலைக் காவல்துறை அதிகாரி, கார் ஓட்டுவதில் பயிற்சி பெற்றவர். தன் காரை சர்வீஸுக்கு விட்டுவிட்டு, டீலர் தற்காலிகமாகக் கொடுத்த காரை எடுத்து வந்திருந்தார். அதில் போட்டிருந்த தடித்த ரப்பர் மேட் அந்த மாடலுக்கு உரியதே அல்ல, வேறொரு லெக்சஸுடையது. பெடல் அதன் விளிம்பில் சிக்கிக்கொண்டது. இதில் என் மனதை அறுக்கும் விஷயம் ஒன்று உண்டு. சில நாட்களுக்கு முன்பு அதே காரை எடுத்துப் போன மற்றொரு வாடிக்கையாளருக்கும் பெடல் அதே மாதிரி மேட்டில் சிக்கியிருக்கிறது. அவர் எப்படியோ சமாளித்து நிறுத்தி, திருப்பிக் கொடுக்கும்போது வரவேற்பில் இருந்தவரிடம் சொல்லியும் இருக்கிறார். புகார் அந்த மேஜையைத் தாண்டவில்லை.

மேட்டுக்காக லட்சக்கணக்கான கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. அப்புறம் 2010 ஜனவரியில் இன்னொரு காரணத்துக்காக 23 லட்சம் கார்கள். இந்த இரண்டாவது காரணம் வேடிக்கையானது. கேபிள் போய் ஒயர் வந்ததும் பெடல் மிகவும் லேசாகிவிடும். பழைய கேபிளின் இறுக்கத்துக்குப் பழகிய காலுக்கு அது பிடிக்காது. அதற்காக வேண்டுமென்றே உராய்வைக் கொடுக்கும் ஒரு சிறு அமைப்பைப் பெடலுக்குள் வைத்தார்கள். அது தேய்ந்து, ஈரம் படிந்து, ஒட்டிக்கொள்ள ஆரம்பித்தது. மிதித்த பெடல் மெதுவாகத் திரும்பியது, சில சமயம் திரும்பவே இல்லை. பழக்கத்துக்காகச் சேர்த்த இறுக்கமே வினையாகிவிட்டது.

எலக்ட்ரானிக்ஸில் கோளாறு இருக்குமோ என்ற சந்தேகமும் கிளம்பியது. அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்எச்டிஎஸ்ஏ, நாசாவின் பொறியாளர்களையே அழைத்து வந்தது. அவர்கள் 2,80,000 வரிகளுக்கு மேல் மென்பொருளை ஆராய்ந்தார்கள். கார்களை ஆபத்தான அளவுக்குப் பாயவைக்கும் எலக்ட்ரானிக் கோளாறு எதுவும் கிடைக்கவில்லை என்று 2011 பிப்ரவரியில் முடிவு வந்தது. மோதலுக்கு முன் வேகமும் பிரேக்கும் எப்படி இருந்தன என்று குறித்துவைக்கும் பதிவுப் பெட்டிகள் விபத்துக் கார்களில் இருந்தன. அவையும் ஒரு கதை சொன்னன. 2010இல் வந்த முதற்கட்ட அறிக்கையில் ஆராயப்பட்ட 58 கார்களில் 35இல் பிரேக் மிதிக்கப்படவே இல்லை.

அத்தோடு நிறுவனம் யோக்கியமாகிவிட்டதா என்றால் இல்லை. 2013இல் ஓக்லஹோமாவில் நடந்த ஒரு வழக்கில், மென்பொருளில் ஓட்டைகள் உண்டு என்று வாதி தரப்பு நிபுணர் விரிவாக எடுத்துச் சொல்ல, ஜூரி டொயோட்டாவுக்கு எதிராக 30 லட்சம் டாலர் இழப்பீட்டுக்குத் தீர்ப்பளித்தது. 2014 மார்ச்சில், மேட்டும் பெடலும் குறித்து வாடிக்கையாளர்களைத் தவறாக நம்பவைத்ததை ஒப்புக்கொண்டு அமெரிக்க அரசுக்கு 120 கோடி டாலர் கட்டியது டொயோட்டா. பல புகார்களில் கால்தான் தவறியது என்பது உண்மை. புகார் வந்தபோது நிறுவனம் தெரிந்ததை மறைத்தது என்பதும் உண்மை. நம் ஊர் வாட்ஸ்ஆப் விவாதங்களில் இந்த இரண்டில் ஏதாவது ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு சண்டை போடுவார்கள்.

கால் சொல்வதை மூளை நம்பும்

சித்தப்பாவிடம் கால் மாறியிருக்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன். முப்பது வருஷமாக வண்டி ஓட்டுகிறவனுக்குப் பிரேக் எது என்று தெரியாதா என்று கோபப்பட்டார். அவர் பொய் சொல்லவில்லை. விஷயமே அங்கேதான் இருக்கிறது.

1980களில் ஆடி 5000 என்ற காருக்கு அமெரிக்காவில் இதே பெயர் வந்தது. வண்டியை நிறுத்தி வைக்கும் 'பார்க்' நிலையில் இருந்து கியர் மாற்றியதும் வண்டி பாய்கிறது, பிரேக் பிடித்தும் நிற்கவில்லை என்று புகார்கள் குவிந்தன. 1986 நவம்பரில் சிபிஎஸ் தொலைக்காட்சி அதை ஒரு நிகழ்ச்சியாகவே போட்டது. பெடல் தானாகக் கீழே இறங்குவதைத் திரையில் காட்டினார்கள். அதற்காகக் கியர்பாக்ஸில் துளை போட்டு வெளியிலிருந்து காற்றழுத்தம் கொடுத்திருந்தார்கள் என்பது பிற்பாடு தெரிந்தது. அதற்குள் ஆடியின் அமெரிக்க விற்பனை படுத்துவிட்டது. 1989இல் அரசு ஆய்வு வெளியானது: பெரும்பாலான சம்பவங்களில் ஓட்டுநர் பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்திருக்கிறார். கார் முற்றிலும் குற்றமற்றது என்றும் அது சொல்லவில்லை. ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் ஐடில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் வால்வின் கோளாறால் எஞ்சின் லேசாக ரேஸ் ஆகி ஓட்டுநரைத் திடுக்கிட வைத்திருக்கலாம். பெடல்கள் அமைந்திருந்த விதமும் கால் மாறுவதற்குத் தோதாக இருந்தது.

இப்படி வைத்துப் பாருங்கள். ரிவர்ஸ் எடுக்கத் திரும்பி உட்கார்ந்திருக்கிறோம், இடுப்பு முறுக்கியிருக்கிறது, கால் நாம் நினைக்கும் இடத்திலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி விழுகிறது. வண்டி நகர்கிறது. "பிரேக் பிடிக்கவில்லை" என்று மூளை முடிவு கட்டி, இன்னும் பலமாக மிதிக்கச் சொல்கிறது. பலமாக மிதித்தால் இன்னும் பாய்கிறது. எல்லாம் மூன்று நான்கு விநாடிக்குள். இடித்து முடித்த பிறகு நினைவில் மிஞ்சுவது, பிரேக்கைத் தரையோடு மிதித்தோம் என்பது மட்டும்தான்.

கியர் வண்டியில் இது குறைவாக நடப்பதற்குக் காரணம் கிளட்ச். பதறினால் இரண்டு காலும் சேர்ந்து அழுத்தும். வலது கால் தப்பான பெடலில் இருந்தாலும், இடது கால் எஞ்சினைச் சக்கரத்திலிருந்து பிரித்துவிடும். எஞ்சின் கத்தும், வண்டி பாயாது. ஆட்டோமேட்டிக்குக்கு மாறும்போது அந்த இரண்டாவது காவல்காரரை நாம் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம்.

இன்று பிரேக்கை மிதிக்காமல் ஆட்டோமேட்டிக் காரைப் பார்க்கிலிருந்து எடுக்க முடிவதில்லையே, அந்தப் பூட்டு பரவலானதற்கு ஆடி விவகாரம் ஒரு முக்கியக் காரணம். பிரேக்கும் ஆக்சிலேட்டரும் சேர்ந்து மிதிபட்டால் பிரேக்கின் பேச்சை மட்டும் கேட்கும் ஏற்பாடு டொயோட்டா விவகாரத்துக்குப் பிறகு பரவியது.

பெட்ரோலே இல்லாத காரிலும் இந்தப் புகார் தீரவில்லை. மின்சாரக் காரான டெஸ்லா தானாகப் பாய்கிறது என்று புகார்களைத் திரட்டி ஒரு மனு போனது. காரில் பழுது இருப்பதற்கு ஆதாரம் இல்லை, பெடல் மாறி மிதித்ததே காரணம் என்று 2021 ஜனவரியில் என்எச்டிஎஸ்ஏ மனுவைத் தள்ளியது. ஆனால் அதே டெஸ்லாவின் சைபர்ட்ரக்கில் 2024 ஏப்ரலில் நிஜமாகவே ஒரு பழுது வெளிவந்தது. பெடலின் மேல் மூடியைப் பொருத்தும்போது வழுக்கலுக்காகச் சோப்பு தடவியிருக்கிறார்கள். மூடி நழுவிப் போய் மேலே சிக்கி, பெடலை அழுத்தியபடியே பிடித்துக்கொண்டது. 3,878 வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. கணினி மேல் கணினி வைத்த வண்டி, கடைசியில் ஒரு பொட்டுச் சோப்பில் வழுக்கியது.

பாய்ந்தால் என்ன செய்வது

பிரேக்கை ஒரே மூச்சில், முழு பலத்தோடு மிதித்து, அப்படியே பிடிக்க வேண்டும். விட்டு விட்டு மிதிக்கக் கூடாது. பெரும்பாலான பெட்ரோல் கார்களில் பிரேக்குக்குக் கை கொடுப்பது எஞ்சின் உறிஞ்சும் வெற்றிடம். காற்றுக் கதவு முழுதாகத் திறந்திருக்கும்போது அந்த வெற்றிடம் உண்டாவதில்லை. சேமிப்பில் இருப்பது ஒன்றிரண்டு மிதிக்குத்தான் வரும், அப்புறம் பெடல் கல்லாகிவிடும்.

எஞ்சினைவிடப் பிரேக்குக்குத்தான் பலம் அதிகம். 2009 கடைசியில் ஒரு அமெரிக்கக் கார் இதழ் சோதித்துப் பார்த்தது. 112 கிலோமீட்டர் வேகத்தில் போன டொயோட்டா கேம்ரி கார், ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்தபடியே பிரேக் பிடித்தபோது 58 மீட்டரில் நின்றது. காலை எடுத்துவிட்டுப் பிடித்தால் 53 மீட்டர். வித்தியாசம் ஒரு கார் நீளம்தான்.

பிரேக்கோடு கியரை நியூட்ரலுக்குத் தள்ளுங்கள். எஞ்சின் அலறினால் அலறட்டும். பட்டன் ஸ்டார்ட் வண்டிகளில் ஓடும்போது எஞ்சினை அணைக்க, பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். ஒரு தட்டு தட்டினால் பல கார்கள் கேட்காது. சாவி வண்டியில் ஒரு படி மட்டும் திருப்பி அணையுங்கள், உருவிவிட்டால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.

மெக்கானிக் சித்தப்பாவின் காரில் முதலில் பார்த்ததும் கால் வைக்கும் இடத்தைத்தான். கம்பெனி கொடுத்த மேட்டுக்கு மேலே, கடையில் வாங்கிய ரப்பர் மேட் ஒன்று கொக்கியில் மாட்டாமல் கிடந்தது. அதை உருவி வெளியே போட்டார். அப்புறம் ஸ்கேனர் மாட்டி, பெடலை மெதுவாக மிதித்து விட்டு, இரண்டு சென்சாரும் சேர்ந்து ஏறி இறங்குகின்றனவா என்று திரையில் காட்டினார். ஏறி இறங்கின. த்ராட்டில் தகட்டின் ஓரத்தில் கொஞ்சம் கரி. இந்த வண்டிக்கு அது சகஜம் என்றார். மேட்டா, காலா என்று அவரும் தீர்மானமாகச் சொல்லவில்லை.

சர்வீஸ் சென்டருக்கு எழுத்தில் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தோம். சித்தப்பா எழுதி வைத்திருந்தது ஒரே வரி: "பெட்ரோல் பம்ப் கோளாறால் வண்டி தானாகப் பாய்ந்தது." இப்படிக் கொடுத்தால் அவர்கள் பம்பைச் சோதித்து, நன்றாக இருக்கிறது என்று எழுதி ஃபைலை மூடிவிடுவார்கள். பழுதின் பெயரைக் கண்டுபிடிப்பது அவர்கள் வேலை, நாம் சொல்ல வேண்டியது பார்த்ததையும் கேட்டதையும். தேதி, நேரம், கியர் எதில் இருந்தது, ஏசி ஓடியதா, டாஷ்போர்டில் விளக்கு எரிந்ததா, எஞ்சின் சத்தம் பாய்ச்சலுக்கு முன்பே ஏறியதா பிறகா, காலில் என்ன செருப்பு, மேட் எப்படிக் கிடந்தது, இதற்கு முன் இப்படி ஆனதுண்டா. காரில் பதிவுப் பெட்டி இருந்தால் அதன் தகவலை அழிக்காமல் எடுத்துத் தரும்படியும் சேர்த்துக்கொண்டோம். மத்திய அரசின் வாகன் தளத்தில் பழுதான வாகனங்களைப் பற்றிப் பதிவு செய்ய வழி இருக்கிறது. திரும்ப அழைப்பதைக் கட்டாயமாக்கும் விதிகள் 2021 ஏப்ரலிலிருந்து நடப்பில் உள்ளன, ஒரே மாடலுக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் புகார் சேர்ந்தால் அது கணக்கில் வரும். அங்கேயும் போட்டோம்.

ஒரு பக்கம் வந்துவிட்டது. கடைசி வரியை மட்டும் "பிரேக்கை மிதித்ததாக நினைக்கிறேன்" என்று மாற்றி எழுதிக் கையெழுத்துக்கு நீட்டினேன். சித்தப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுதும் படித்தார். பேனாவை வாங்கி "நினைக்கிறேன்" என்பதை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.